தொலைவில் இருக்கும் பெடலை இணையம் வழியே சோதிக்கும்போது: கேட்கும் கோளாறும் அதன் காரணமும்

கிட்டார் உங்கள் கையில்; அதன் ஒலியை மாற்றும் சிறு மின்னணுப் பெட்டியான பெடல் வேறோர் ஊரில். வாங்கும் முன் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இதை இரண்டு வழிகளில் செய்கிறார்கள். முதல் வழியில், எந்த எஃபெக்டும் இல்லாமல் கிட்டாரைப் பதிந்து கோப்பாக அனுப்புகிறீர்கள். அந்தப் பக்கம் இருப்பவர் அதை நிஜப் பெடலுக்குள் செலுத்தி, வெளிவருவதைப் பதிந்து திருப்பி அனுப்புகிறார். இதை ரீஆம்ப்பிங் என்பார்கள். சில இடங்களில் ஆளுக்குப் பதில் சிறு மோட்டார்கள் நாப்களைத் திருப்பும். இரண்டாவது வழியில், சோனோபஸ், ஜாக்டிரிப் போன்ற மென்பொருளில் இணைந்து நேரலையாக வாசித்துக் கேட்கிறீர்கள்.

இரண்டு வழியிலும் உங்கள் காதுக்கு வருவது பெடல் மட்டுமல்ல. இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஒலிப் பெட்டி), கேபிள், அளவு மாற்றம், மென்பொருள் எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. நல்ல பெடலைக் குப்பை என்று ஒதுக்குவதும், சுமாரான ஒன்றை வாங்கிவிட்டு ஏமாறுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஆகவே எந்தக் கோளாறு கேட்டாலும் முதல் வேலை ஒன்றே: பெடலைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். அந்தப் பக்கம் பெடலுக்குள் போகும் கேபிளையும் பெடலிலிருந்து வரும் கேபிளையும் நேராக இணைக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்த கோப்பை உங்கள் மூலக் கோப்போடு மாதிரிக்கு மாதிரி (டிஜிட்டல் ஒலியின் மிகச் சிறு துண்டே மாதிரி) ஒட்டி வைத்து, ஒலியளவைச் சமன் செய்து, ஒன்றின் துருவத்தை (அலையின் மேடு பள்ளத்தை) மட்டும் தலைகீழாக்கி இரண்டையும் சேர்த்து ஒலிக்க விடுங்கள். அநேகமாக மௌனம் வந்தால் பாதை சரி. கிட்டார் தெளிவாகக் கேட்டால் கோளாறு பாதையில்தான். அதைத் தீர்க்கும் வரை பெடலைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். எஃபெக்டை விலக்கி ஒலியை அனுப்பும் பைபாஸ் சுவிட்சைப் பெடலில் அழுத்துவது இந்தச் சோதனைக்கு ஈடாகாது; பல பெடல்களில் பைபாஸிலும் ஒலியை வாங்கித் தாங்கி அனுப்பும் ஒரு பஃபர் சுற்று வேலை செய்துகொண்டே இருக்கும்.

டிரைவ் (ஒலியை உடைக்கும் அளவு) நாபைப் பூஜ்யத்தில் வைத்தாலும் ஒலி உடைகிறது. அல்லது ஆட்டோ வா திறக்கவே மாட்டேன் என்கிறது

இரண்டும் ஒரே நோய்: பெடலுக்குப் போகும் மின்னழுத்தம் தவறு. கிட்டார் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் சுருள்) தருவது பொதுவாக வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கிலிருந்து அரை வோல்ட் வரை. வலுவான ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) ஓங்கி அடித்தால் ஒரு வோல்ட்டைத் தாண்டும். இன்டர்ஃபேஸின் லைன் வெளியீட்டுக்கோ சராசரி அளவே 1.23 வோல்ட்; முழு அளவில் இதைப்போலப் பல மடங்கு தரும். 9 வோல்ட்டில் ஓடும் பெடலுக்குள் சைன் அலை அதிகபட்சமாக 3.2 வோல்ட் அளவுக்குத்தான் நிற்க முடியும். லைன் வெளியீட்டை நேராகச் செருகினால் கிளீன் பூஸ்ட் பெடல்கூட உடையும்.

இன்னொரு பக்கம், கம்ப்ரசர், ஆட்டோ வா, என்வலப் ஃபில்டர் ஆகியவை நீங்கள் அடிக்கும் வலுவைப் பார்த்தே நடந்துகொள்பவை. அளவு குறைந்தால் அவை தூங்கிவிடும். மியூ-ட்ரான், க்யூ-ட்ரான் வகைப் பெடல்களைத் தொலைவிலிருந்து கேட்டு ‘உப்புச் சப்பில்லை’ என்று சொல்பவர்கள், பெடலுக்குள் எத்தனை வோல்ட் போனது என்று முதலில் கேட்க வேண்டும்.

காதால் ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். உங்கள் இன்டர்ஃபேஸின் கையேட்டில் இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீட்டின் அதிகபட்ச அளவு, கெயின் (ஒலிப் பெருக்கம்) குறைந்தபட்சத்தில் இருக்கும்போது எவ்வளவு என்று போட்டிருக்கும். அது 12.5 டிபியூ என்று வைத்துக்கொள்வோம். 0.775 வோல்ட்டைப் பூஜ்யமாகக் கொண்ட அளவுகோல் அது, 12.5 என்றால் 3.27 வோல்ட். அதாவது உங்கள் கோப்பில் முழு அளவைத் தொடும் சைன் அலை, நிஜத்தில் 3.27 வோல்ட்டாக இருந்தது. இனி:

1. கெயினைக் குறைந்தபட்சத்தில் வைத்தே கிட்டாரைப் பதியுங்கள். 24 பிட்டில் பதிந்தால் அளவு சிறிதாகத் தெரிவதைப் பற்றிக் கவலை இல்லை. கெயினை ஏற்றியே ஆக வேண்டும் என்றால் எத்தனை டெசிபல் ஏற்றினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கணக்கில் அதைக் கழிக்க வேண்டும்.
2. 200 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை, முழு அளவுக்கு 20 டெசிபல் கீழே, 30 நொடி நீளத்தில் உருவாக்கி கிட்டார் கோப்போடு அனுப்புங்கள்.
3. அந்தப் பக்கம் அதை ஒலிக்கவிட்டு, பெடலுக்குள் செருக வேண்டிய பிளக்கின் முனைக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பெடலில் செருகாத நிலையில் அளக்க வேண்டும்.
4. மீட்டர் 0.327 வோல்ட் (20 டெசிபல் கீழே என்றால் 3.27இல் பத்தில் ஒன்று) காட்டும் வரை, லைன் ஒலியைக் கிட்டார் அளவுக்கு இறக்கும் ரீஆம்ப் பெட்டியின் நாபைத் திருப்பி, அந்த இடத்தில் டேப் ஒட்டிவிடச் சொல்லுங்கள்.

200 ஹெர்ட்ஸைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விலை குறைந்த மீட்டர்கள் மின்கம்பி அதிர்வெண்ணை ஒட்டிய சில நூறு ஹெர்ட்ஸ் வரைதான் சரியாகக் காட்டும். 1,000 ஹெர்ட்ஸில் பல மீட்டர்கள் பொய் சொல்லும்.

அந்தப் பக்கம் ரீஆம்ப் பெட்டி இல்லை, மென்பொருளின் ஃபேடரைக் குறைத்துச் சமாளிக்கிறார்கள் என்றால் ஓவர்டிரைவ் (ஒலியை மிதமாக உடைப்பது), டிலே (எதிரொலி), ரிவெர்ப் (அறை முழக்கம்) பெடல்களுக்கு அது ஓரளவு போதும். ஒலியை முரட்டுத்தனமாக உடைக்கும் ஃபஸ்ஸுக்குப் போதாது.

ஃபஸ் காதைக் குத்துகிறது, கிட்டாரின் வால்யூமைக் குறைத்தாலும் தெளியவில்லை

தொலைவழிச் சோதனையில் மிக அதிகமாக அநியாயத்துக்கு ஆளாவது ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல்தான். 1966இல் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட அந்தச் சுற்றில் இரண்டு டிரான்சிஸ்டர்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பாகங்களுமே உண்டு. உள்ளீட்டு மின்மறுப்பு (உள்ளே வரும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) மிகக் குறைவு, சில கிலோஓம்கள்தான். சாதாரணப் பெடல் 500 கிலோஓமோ 1 மெகாஓமோ காட்டும். எனவே ஃபஸ் ஃபேஸ் பிக்கப்பின் ஒலியை வாங்கிக்கொள்வதோடு நிற்பதில்லை. பிக்கப்பின் சுருளே அதன் சுற்றில் ஒரு பாகமாகிவிடுகிறது. ஒரு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பில் சுமார் 6 கிலோஓம் மின்தடையும் 2 முதல் 3 ஹென்றி தூண்டமும் (மின்னோட்டம் வேகமாக மாறுவதைத் தடுக்கும் குணம்) இருக்கும். அந்தத் தூண்டம்தான் கூரிய உச்ச ஒலிகளை மழுக்கி, ஃபஸ்ஸுக்கு அந்தத் திரண்ட தன்மையைத் தருகிறது.

இன்டர்ஃபேஸ் வழியாகப் போகும்போது பிக்கப் அங்கே இல்லை. இருப்பது சில நூறு ஓம் மட்டுமே உள்ள ஒரு மின்னணு வெளியீடு. உச்ச ஒலி மழுங்காமல் உள்ளே பாய்கிறது, காதைக் குத்துகிறது. ரேஞ்ச்மாஸ்டர் வகை டிரெபிள் பூஸ்டரும், பழைய டோன் பெண்டர்களும் இதே குணம் கொண்டவை.

தீர்வு, ரீஆம்ப் பெட்டிக்கும் ஃபஸ்ஸுக்கும் நடுவே போலி பிக்கப் ஒன்றைத் தொடராகப் போடுவது: 2 முதல் 4 ஹென்றி தூண்டச்சுருளும், மொத்தத் தடை 6 முதல் 8 கிலோஓம் வரும்படி ஒரு மின்தடையும். அவ்வளவு பெரிய தூண்டச்சுருள் கிடைக்காவிட்டால் சிறு ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பக்கச் சுருளை மட்டும் பயன்படுத்தலாம்; மற்றப் பக்கத்தைத் திறந்தே விட வேண்டும். சுருளை அடாப்டருக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, ஹம்மை (மின்சார ரீங்காரத்தை) அப்படியே பிடித்துக்கொள்ளும். சுருளே கிடைக்கவில்லை என்றால் 10 கிலோஓம் மின்தடை ஒன்று மட்டுமாவது போடச் சொல்லுங்கள். பாதிக் குறை தீரும்.

வால்யூம் நாப் விஷயம் இன்னும் நுட்பமானது. கிட்டாரில் 10இலிருந்து 7க்கு இறக்கினால் ஒலியளவு குறைவதோடு, ஃபஸ் பார்க்கும் மின்மறுப்பும் ஏறுகிறது. அதனால்தான் நல்ல ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் ஃபஸ் 7இல் கண்ணாடி போலத் தெளிகிறது. கோப்பில் பதிவாவது ஒலியளவு மட்டுமே, மின்மறுப்பு பதிவாகாது. நீங்கள் 7இல் வைத்து எத்தனை அழகாக வாசித்து அனுப்பினாலும் அந்தத் தெளிவு திரும்பி வராது. வேண்டுமானால் போலி பிக்கப்புக்குப் பின்னால் 250 அல்லது 500 கிலோஓம் வால்யூம் நாப் ஒன்றைப் பொருத்தி, அதை அந்தப் பக்கம் இருப்பவர் இறக்க வேண்டும். நீங்கள் 10இலேயே வாசியுங்கள். இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடலின் ஒலியைக் கேட்டு, வாங்கும் முடிவை எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

தகர டப்பாவுக்குள் தேனீக்களை அடைத்தது போல இரைகிறது

பெடலில் குறை இல்லை. ஸ்பீக்கர் இல்லை, அவ்வளவுதான். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். டிஸ்டார்ஷன் பெடல்கள் அந்தச் சரிவை நம்பியே வடிவமைக்கப்படுகின்றன. பெடலிலிருந்து நேராக இன்டர்ஃபேஸுக்குப் போன ஒலியை ஹெட்ஃபோனில் கேட்டால் இந்த இரைச்சல்தான் வரும். திரும்பி வந்த கோப்பின் மேல், உங்கள் கணினியில், நீங்கள் நன்கு அறிந்த ஆம்ப் சிமுலேட்டரையும் கேபினெட் இம்பல்ஸ் கோப்பையும் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்த கோப்பு) போடுங்கள். எல்லாப் பெடலுக்கும் அதே ஆம்ப், அதே கேபினெட். அந்தப் பக்கம் ஆம்ப் சிமுலேஷன் போட்டு அனுப்ப வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டு கேபினெட் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் ஒலி போர்வைக்குள் போய்விடும்.

ஒலி மங்கல், உச்ச ஒலியே இல்லை

கிட்டாரை லைன் உள்ளீட்டில் செருகிப் பதிந்திருப்பீர்கள். லைன் உள்ளீடு சுமார் 10 கிலோஓம். பிக்கப்புக்கு 1 மெகாஓம் வேண்டும். இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ என்ற பொத்தானோ கிட்டார் படமோ இருக்கும், அதை இயக்கிவிட்டு மறுபடி பதியுங்கள். பதிந்த பிறகு ஈக்வலைசரில் ஏற்றிச் சரிக்கட்ட முயலாதீர்கள், பிக்கப்பின் ஒத்ததிர்வு முகடு அதில் திரும்பாது. கிட்டார் கேபிளின் நீளமும் கணக்கில் உண்டு: மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட். எப்போதும் பயன்படுத்தும் கேபிளிலேயே பதியுங்கள்.

ரிவெர்பின் வால் பாதியில் அறுந்துபோகிறது. டிலேயின் மூன்றாவது எதிரொலிக்கு மேல் கேட்கவில்லை

வீடியோ அழைப்பில் கேட்கிறீர்கள் என்றால் காரணம் அந்த மென்பொருளின் இரைச்சல் நீக்கி. அது மனிதப் பேச்சுக்காக உருவானது. மெல்லத் தேயும் ரிவெர்பை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து வெட்டுகிறது. ஃபஸ்ஸை முழுவதும் இரைச்சல் என்றே எடுத்துக்கொண்டு விழுங்கிவிடுவதும் உண்டு. ஜூமில் ஆடியோ அமைப்புகளுக்குள் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்ற தேர்வையும், அதன் கீழ் ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோடையும் இயக்குங்கள். எக்கோ கேன்சலேஷனை அணையுங்கள். பிறகு அழைப்புக்குள் வந்து திரையின் மேலே உள்ள பொத்தானையும் அழுத்த வேண்டும். இதைப் பெடல் இருக்கும் பக்கம் செய்ய வேண்டும், அங்கிருந்துதான் ஒலி புறப்படுகிறது. எக்கோ கேன்சலேஷனை அணைத்தபின் இருவரும் ஹெட்ஃபோன் போட்டே ஆக வேண்டும்.

போன் மைக் வழியே ஆம்பைக் கேட்கவைக்கிறார்கள் என்றால் சோதனையை நிறுத்திவிடலாம். போன் தானாகவே ஒலியளவை ஏற்றி இறக்கும். எல்லாப் பெடலும் கம்ப்ரசர் போலவே கேட்கும்.

அழைப்பே இல்லாமல் கோப்பில் வால் அறுந்திருந்தால் பதிவை சீக்கிரம் நிறுத்தியிருக்கிறார்கள். உங்கள் மூலக் கோப்பின் முடிவில் 15 நொடி மௌனம் சேர்த்து அனுப்புங்கள்.

சுருதி ஏறிவிட்டது

ஒன்றரை அரைச்சுரம் அளவுக்கு ஏறி, பாட்டும் வேகமாக ஓடினால், 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 48இல் ஓட்டியிருக்கிறார்கள். 8.8 விழுக்காடு வேகம் கூடும். கோப்பின் பெயரிலேயே 48 அல்லது 44 என்று எழுதி அனுப்பினால் இந்தத் தொல்லை வராது.

ஹம் கேட்கிறது, அது யார் வீட்டு ஹம்?

பெடல் அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கிறது, நீங்கள் இந்தியாவிலோ இலங்கையிலோ பிரிட்டனிலோ இருக்கிறீர்கள் என்றால் இதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அங்கே 60. மென்பொருளின் ஸ்பெக்ட்ரம் காட்சியில் வாசிப்பு இல்லாத இடத்தைப் பாருங்கள். 50, 100, 150 என்று முகடுகள் நின்றால் ஹம் உங்கள் பதிவிலேயே புறப்பட்டது. 60, 120, 180 என்றால் அங்கே. காட்சி இல்லாவிட்டால் ட்யூனரை வைத்தும் பார்க்கலாம்: 100 ஹெர்ட்ஸை அது ஜி என்று, சற்று ஏறியதாகக் காட்டும், 120 ஹெர்ட்ஸ் ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் நடுவே தத்தளிக்கும்.

உங்கள் பக்கம் என்றால் கிட்டாரோடு திரும்பிப் பாருங்கள். உட்காரும் திசையை மாற்றினால் ஹம் ஏறி இறங்கினால் சிங்கிள் காயில் பிக்கப் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரைப் பிடிக்கிறது, தள்ளி உட்காருங்கள். கம்பிகளைத் தொட்டால் குறைகிறது என்றால் கவசக் குறை. லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் பதிந்தால் பல வீடுகளில் பாதி இரைச்சல் போய்விடும். டிஸ்டார்ஷன் பெடல் இந்த ஹம்மைப் பல மடங்கு பெருக்கும் என்பதால், உலர்ந்த (எஃபெக்ட் இல்லாத) கோப்பில் ‘பரவாயில்லை’ என்று தோன்றுவதைக்கூட விடாதீர்கள். மெல்லிய ஒலியை வெட்டும் நாய்ஸ் கேட் போட்டு மறைக்கவும் கூடாது. அது சுரத்தின் தேய்வையும் சேர்த்து வெட்டும்.

அவர்கள் பக்கம் என்றால் பெரும்பாலும் நில இணைப்பு வளையம் (கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு இணைவது). டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ரீஆம்ப் பெட்டியின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை மாற்றினால் தீரும். மின்பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் உடைக்கச் சொல்லாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

ஹம் இல்லாமல் கீச்சென்ற சத்தம் என்றால், டிஜிட்டல் பெடலும் அனலாக் பெடலும் ஒரே அடாப்டரில் டெய்ஸி செயினாக (ஒரே கம்பியில் வரிசையாக) ஓடுகின்றன. தனித்தனிக் காப்பிடப்பட்ட வெளியீடுகள் உள்ள பவர் சப்ளை வேண்டும்.

பெடலில் விளக்கே எரியவில்லை

பேட்டரியில் ஓடும் பெடலின் உள்ளீட்டு ஜாக்கைப் பாருங்கள். அது மூன்று தொடர்பு உள்ள ஸ்டீரியோ ஜாக். மோனோ பிளக்கைச் செருகும்போது நடுவளையமும் உடலும் இணைந்து பேட்டரியின் எதிர்முனையைப் பூர்த்தி செய்யும், பெடல் விழிக்கும். இன்டர்ஃபேஸிலிருந்து வரும் மூன்று முனை பேலன்ஸ்டு கேபிளைச் செருகினால் அந்த இணைப்பு நடக்காது. மோனோ கேபிளைப் போடச் சொன்னால் போதும், பழுது பார்க்க எதுவும் இல்லை.

அடாப்டரில் என்றால் 9 வோல்ட், நடுமுனை நெகடிவ் என்பதே பெரும்பான்மை. டிஜிட்டல் ரிவெர்ப், டிலே பெடல்கள் 200 முதல் 500 மில்லிஆம்ப் வரை கேட்கும். 100 மில்லிஆம்ப் வெளியீட்டில் விளக்கு மினுங்கி மினுங்கி அணையும். பிஎன்பி ஜெர்மேனியம் ஃபஸ்களில் சில பாசிடிவ் கிரவுண்ட் கொண்டவை. அவற்றை மற்றப் பெடல்களோடு ஒரே செயினில் இணைத்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகும்.

நேரலையில் தாமதம், இரட்டைக் கிட்டார், டிக் டிக் சத்தம்

இரட்டையாகக் கேட்டால் இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரை (உங்கள் கிட்டாரை நேராக உங்கள் காதுக்குத் தரும் வசதி) அணையுங்கள். ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம். அதன் தாமதமே 100 மில்லிநொடியைத் தாண்டக்கூடும், மைக்கும் இயங்கினால் தரம் தொலைபேசிக் குரலுக்கு இறங்கும்.

தாமதத்தில் ஒன்றை மனதில் வையுங்கள். இருவர் சேர்ந்து வாசிக்கும்போது ஒருவழித் தாமதம்தான் பொருட்டு. பெடல் சோதனையிலோ ஒலி போய் வர வேண்டும். ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். 1,000 கிலோமீட்டர் போய்வர 10 மில்லிநொடி. 48 கிலோஹெர்ட்ஸில் 128 மாதிரி பஃபர் (ஒலியைச் சற்றுத் தேக்கி அனுப்பும் இடம்) ஒன்று 2.7 மில்லிநொடி, உங்கள் உள்ளீடு, அவர்கள் வெளியீடு, அவர்கள் உள்ளீடு, உங்கள் வெளியீடு என நான்கு முறை, கிட்டத்தட்ட 11. இணையத் தாமதத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும் ஜிட்டர் பஃபர் இரு திசையிலும் பத்துப் பத்து மில்லிநொடி. ஆக, எல்லாம் சரியாக இருந்தாலும் 40ஐத் தாண்டிவிடும். விரலுக்கும் காதுக்கும் அத்தனை இடைவெளி இருந்தால் பெடலின் உணர்வைப் பிடிக்க முடியாது. எனவே தூர ஊர் என்றால் நேரலையில் வாசிக்காதீர்கள். எட்டு பார் உலர்ந்த பதிவு ஒன்றை லூப்பாக ஓடவிட்டு, அவர் நாபைத் திருப்பத் திருப்ப நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள். தாமதம் அரை நொடி ஆனாலும் கவலையில்லை. பஃபர்களைத் தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம்.

ஒழுங்கற்ற டிக் சத்தம் பெரும்பாலும் வைஃபையால் வருவது. லேன் கேபிள் போடுங்கள், ஜிட்டர் பஃபரைப் பத்துப் பத்து மில்லிநொடியாக ஏற்றுங்கள். கடிகாரம் வைத்தாற்போல் நிமிடத்துக்கு ஒருமுறை டிக் என்றால் அது வேறு. இரு இன்டர்ஃபேஸ்களின் 48 கிலோஹெர்ட்ஸும் அச்சாக ஒன்றல்ல. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலே நொடிக்கு 2.4 மாதிரி வழுகும். 128 மாதிரி பஃபர் 53 நொடியில் தீர்ந்துபோகும். பஃபரைப் பெரிதாக்கினால் இடைவெளி நீளும், முற்றிலும் போகாது. இதைச் சமன்செய்யும் ரீசாம்ப்ளிங் உள்ள மென்பொருளுக்கு மாறுவதே தீர்வு.

உலர்ந்த ஒலியோடு கலந்தால் பொந்தாகக் கேட்கிறது

போய்வந்த பாதையில் சில நூறு மாதிரி தாமதம் சேர்ந்திருக்கும். மூலக் கோப்பின் தொடக்கத்தில் ஒரு மாதிரி நீளமுள்ள கிளிக் வைத்து அனுப்பினால், திரும்பியதும் அதைப் பிடித்து நகர்த்தி ஒட்டலாம். அதன்பின்னும் அடியொலி மறைந்தால் பெடல் துருவத்தைத் தலைகீழாக்குகிறது. எல்பிபி-1 போன்ற ஒரே டிரான்சிஸ்டர் பூஸ்டர்கள் அப்படித்தான், அது பழுதல்ல.

எந்தப் பெடலைப் போட்டாலும் பைபாஸைவிட நன்றாக இருக்கிறது

அதிக சத்தமாக இருக்கிறது, அதனால். ஒரு டெசிபல் கூடினாலே காது ‘இது மேல்’ என்று தீர்ப்பு சொல்லிவிடும். லவுட்னெஸ் மீட்டரில் அரை டெசிபலுக்குள் சமன் செய்து, கோப்புகளின் பெயரை மறைத்துக் கேளுங்கள்.

அவர்கள் சொன்ன அதே அமைப்பு, என் பெடலில் வேறு மாதிரி ஒலிக்கிறது

முதலில் கேமராவைச் சந்தேகியுங்கள். முன்பக்கக் கேமரா படத்தை இடவலமாக மாற்றிக் காட்டக்கூடும். அப்போது 10 மணி நிலை 2 மணியாகத் தெரியும். பெடலில் எழுதியிருக்கும் பெயர் நேராகப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். மோட்டார் திருப்பும் மேடையில் இன்னொரு சிக்கல்: நாப் ஏறத்தாழ 300 பாகை சுழலும், சாதாரண சர்வோ மோட்டாரோ 180 பாகைதான். பல்சக்கரம் வைத்துச் சரிசெய்யாத மேடையில் ‘முழுவதும்’ என்பது உண்மையில் பாதிக்குச் சற்று மேல். நாபை இரு எல்லைக்கும் கொண்டுபோய்ப் பதிந்த இரண்டு மாதிரிகளைக் கேட்டு வாங்குங்கள். வால்யூம் நாப் கீழ் எல்லையில் முழு மௌனம் தருகிறதா என்பதே எளிய சோதனை.

இவை சரியாக இருந்தும் வேறுபாடு இருந்தால் அது பாகங்களின் இயல்பு. பொட்டன்ஷியோமீட்டர்கள் 20 விழுக்காடு வரை கூடக் குறைய இருப்பது சாதாரணம். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் அறை வெப்பத்துக்கே மாறும். மணி நிலையை அப்படியே நகல் எடுப்பதை விட்டுவிட்டு, அவர்கள் அனுப்பிய கோப்பை ஒரு பக்கம் ஓடவிட்டு, அதே உலர்ந்த பதிவை உங்கள் பெடலுக்குள் செலுத்தி, இரண்டும் பொருந்தும் வரை நாபைக் காதால் திருப்புங்கள். பொருந்திய நிலையைப் போட்டோ எடுத்து, கோப்போடு சேர்த்தே சேமியுங்கள்.